கோவை இலைக்கும் பரீட்சை வைத்தவர்

வீட்டில் யாருக்காவது இனிப்பு நீர் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டால் போதும், அன்று சாயங்காலத்துக்குள் நாலு வைத்தியம் வீடு தேடி வந்துவிடும். பக்கத்து வீட்டு அக்கா கோவை இலையை அரைத்துக் குடிக்கச் சொல்வாங்க. சித்தப்பா சிறுகுறிஞ்சான் பொடி வாங்கிட்டு வருவார். வாட்ஸ்அப்பில் நாவல் கொட்டை வரும். சொல்கிற எல்லோருமே அன்போடுதான் சொல்றாங்க. ஆனால் இந்த இலையையும் பொடியையும் ஆஸ்பத்திரியில் நோயாளிக்குக் கொடுத்து, ரத்தத்தையும் சிறுநீரையும் அளந்து, பலன் உண்டா இல்லையா என்று ஒழுங்காகப் பார்த்தவர் யாராவது உண்டா?

உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன்னாலேயே, கல்கத்தாவில் ஒருவர் பார்த்துவிட்டார். அவர் பெயர் ராம் நாத் சோப்ரா. மருந்து உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்று ஆராயும் படிப்பை மருந்தியல் என்பார்கள். இந்தியாவில் அந்தப் படிப்புக்குத் தந்தை என்று இன்றும் மருத்துவக் கல்லூரிகளில் இவரைத்தான் சொல்கிறார்கள். நம்ம இளைஞர்களில் பலருக்கு இந்தப் பெயர் புதுசாக இருக்கலாம். மூலிகை என்றதும் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுகிறவர்களும், மூலிகை என்றதும் சிரிக்கிறவர்களும் இருக்கிற இந்தக் காலத்தில், இரண்டு பக்கமும் சாயாமல் நின்ற ஒரு மனிதரைத் தெரிந்துகொள்வது நல்லது.

சோப்ரா பிறந்தது 1882 ஆகஸ்ட் 17 அன்று, பஞ்சாபில் உள்ள குஜ்ரன்வாலாவில். இப்போது அந்த ஊர் பாகிஸ்தானில் இருக்கிறது. லாகூர் அரசுக் கல்லூரியில் படித்துவிட்டு 1903இல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜில் டவுனிங் கல்லூரியில் சேர்ந்து மருத்துவம் படித்தார். அங்கே வால்டர் டிக்சன் என்ற மருந்தியல் பேராசிரியரிடம் வேலை கற்றதுதான் அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது. ஒரு மருந்து நல்லது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டால் போதாது. அது இதயத்தை என்ன செய்கிறது, ரத்த அழுத்தத்தை என்ன செய்கிறது, எந்த அளவைத் தாண்டினால் விஷமாகிறது என்று ஒவ்வொன்றாக அளந்து பார்க்க வேண்டும். ஐரோப்பாவிலேயே அப்போதுதான் வேரூன்றி வந்த பாடம் அது. 1908இல் இந்திய மருத்துவப் பணியில், அதாவது ராணுவத்தோடு சேர்ந்த அரசு மருத்துவச் சேவையில், சேர்ந்தார். முதல் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு ஆப்கன் எல்லைப் போர். இப்படியே பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் போய்விட்டன.

1921இல் அவருக்கு 39 வயது. கல்கத்தாவில் வெப்பமண்டல நோய்களுக்கென்று ஒரு மருத்துவப் பள்ளி புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். லியோனார்டு ராஜர்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் பாடுபட்டு உருவாக்கியது அது. பக்கத்திலேயே அதற்கென்று கார்மைக்கேல் ஆஸ்பத்திரி. அங்கே மருந்தியல் பேராசிரியராகச் சோப்ரா வந்தார். ஒரு கையில் ஆய்வுக்கூடம், இன்னொரு கையில் நோயாளிகள் படுத்திருக்கும் வார்டு. அவர் வாழ்நாளெல்லாம் செய்த வேலைக்கு இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததே பெரிய வசதி.

வந்ததும் மூன்று காரியங்களை முன்வைத்தார். இந்திய மண்ணில் விளையும் மருந்துச் சரக்கை இந்தியாவிலேயே மருந்தாக்க வேண்டும். ஆயுர்வேதத்திலும் யுனானியிலும் நாட்டு வைத்தியத்திலும் புகழ்பெற்ற மருந்துகளை அறிவியல் முறையில் சோதிக்க வேண்டும். ஏழைகள் வாங்கக்கூடிய விலையில் மருந்து கண்டுபிடிக்க வேண்டும். இதில் முதல் காரியம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு நம்ம சமையல்கட்டிலேயே சாட்சி இருக்கு. ஓமம்! அந்தக் காலத்தில் கொக்கிப் புழுவுக்குப் பெரிய மருந்து தைமால். அது ஓமத்திலிருந்து எடுப்பது. இந்திய ஓமம் ஜெர்மனிக்குக் கப்பலில் போகும். அங்கே அதிலிருந்து தைமால் எடுப்பார்கள். அந்தத் தைமாலை இந்தியா திரும்பக் காசு கொடுத்து வாங்கும். போர் வந்து கப்பல் நின்றபோதுதான் இது எவ்வளவு கேலிக்கூத்து என்று எல்லோருக்கும் உறைத்தது.

கொக்கிப் புழு என்றால் நம்ம கதையும்தான். வெறுங்காலோடு ஈர மண்ணில் நடக்கிறவர்களின் பாதத் தோலைத் துளைத்து உள்ளே போகும் புழு அது. குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். ஆள் வெளிறிப்போய் வேலை செய்யத் தெம்பில்லாமல் கிடப்பான். மலாயா ரப்பர் தோட்டங்களில் நம்ம கொள்ளுப்பாட்டன்மார்களைச் சோம்பேறி என்று திட்டிய துரைமார்களுக்கு, பாதிச் சோம்பலுக்குக் காரணம் வயிற்றுக்குள் இருந்த புழு என்று தெரிந்திருக்குமோ என்னவோ. 1915க்கும் 1917க்கும் இடையில் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை அனுப்பிய ஒரு குழு மலாயாவுக்கு வந்து இந்தப் புழுவை ஆராய்ந்தது. அந்தக் காலத்தில் கொடுத்த மருந்துகளில் தைமாலும் இருந்தது, கீனோபோடியம் என்ற செடியின் எண்ணெயும் இருந்தது. இரண்டுமே செடியிலிருந்து வந்தவை.

கல்கத்தாவில் சோப்ரா இந்தப் புழு மருந்துகளைத் தனிப் பாடமாகவே எடுத்துக்கொண்டார். கொக்கிப் புழு ஆராய்ச்சிக்காக அமெரிக்காவிலிருந்து வந்து சில ஆண்டுகள் கல்கத்தாவில் இருந்த ஆசா சாண்ட்லரும் அவரும் சேர்ந்து, புழு நீக்கும் மருந்துகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்கள். 1928இல் வெளிவந்தது. வட்டப் புழுவுக்குக் கொடுக்கும் சாண்டோனின் அப்போது கிட்டத்தட்ட ரஷ்யாவின் தனிச் சரக்கு. அது மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் மொட்டிலிருந்து வருவது. அதே இனச் செடி காஷ்மீரிலும் குர்ரம் பள்ளத்தாக்கிலும் வளர்கிறதே, அதில் சாண்டோனின் எவ்வளவு இருக்கிறது என்று சோப்ரா பார்த்தார். இருந்தது. ஒரு சின்ன விஷயம்: இந்த மருந்தைச் சாப்பிட்டால் சிலருக்குப் பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும். மூலிகை என்றால் பக்கவிளைவே கிடையாது என்று சொல்கிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

சோப்ராவின் வேலையில் நான் நின்று நிதானமாகச் சொல்ல விரும்புவது குடசப்பாலைக் கதையை.

அமீபா என்ற கண்ணுக்குத் தெரியாத ஓரணு உயிர் குடலைப் புண்ணாக்கினால் சீதபேதி வரும். ரத்தமும் சளியுமாகப் போகும். அந்தக் காலத்தில் இதற்கு நிச்சயமான மருந்து எமெட்டின். பிரேசில் நாட்டு இப்பிகாக் வேரிலிருந்து எடுத்தது. அதை ஊசியாகப் போட்டால் அமீபா அடங்குகிறது என்று 1912இல் கல்கத்தாவில் காட்டியவர் அதே லியோனார்டு ராஜர்ஸ்தான். ஆனால் எமெட்டின் இதயத்தைத் தாக்கும், அளவு கொஞ்சம் மீறினாலும் ஆபத்து. சரக்கு வெளிநாட்டுச் சரக்கு. இங்கேயோ, காலங்காலமாக வைத்தியர்கள் சீதபேதிக்குக் குடசப்பாலைப் பட்டையைக் கஷாயம் வைத்துக் கொடுத்து வந்தார்கள். வங்காளத்தில் அதற்குப் பெயர் குர்ச்சி. அந்த மரத்தின் லத்தீன் பெயரிலேயே சீதபேதிக்கு எதிரானது என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு புகழ். ஆனாலும் வெள்ளைக்கார மருத்துவர்களில் பலர் அதைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, பிரயோஜனமில்லை என்று ஒதுக்கியிருந்தார்கள்.

யார் சொல்வது சரி? வைத்தியர் சொல்வதா, டாக்டர் சொல்வதா? இந்த இடத்தில்தான் சோதிக்கத் தெரிந்தவனின் வேலை தொடங்குகிறது. முதல் கேள்வி மருந்தைப் பற்றியது அல்ல, பட்டையைப் பற்றியது. கடையில் வாங்கியது குடசப்பாலைதானா? குடசப்பாலைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இன்னொரு மரம் இருக்கிறது, வெட்பாலை. பூவும் இலையும் ஓரளவு ஒத்துப்போகும். காய்ந்த பட்டையை வைத்துக்கொண்டு பிரித்துச் சொல்வது லேசில்லை. தமிழிலேயே சில இடங்களில் இரண்டு மரத்துக்கும் ஒரே பெயரைச் சொல்வார்கள். சந்தையில் இந்தப் பட்டை அந்தப் பட்டையோடு கலந்து வரும். மருந்துச் சத்தோ குடசப்பாலையில்தான். மரத்தை மாற்றிக் கொடுத்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்றால், பழி யார் மேல் போட வேண்டும்?

அடுத்து, பட்டைக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி. அதில் கொனெசின் என்ற காரச்சத்து இருப்பது முன்னமே தெரியும். கல்கத்தாக் குழு அந்த ஒன்றோடு நிற்காமல், பட்டையிலுள்ள காரச்சத்துக்கள் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்து விலங்குகளில் சோதித்தது. பிறகு வார்டில் நோயாளிகளுக்குக் கொடுத்தது. எமெட்டினை பிஸ்மத், அயோடின் இவற்றோடு சேர்த்து வாய்வழியாகக் கொடுக்கும் ஒரு வழி ஏற்கெனவே இருந்தது. அதே வழியில் குர்ச்சி பிஸ்மத் அயோடைடு என்ற மருந்தைச் செய்தார்கள். நாள்பட்ட அமீபா நோய்க்கு அது உதவுகிறது, எமெட்டினைவிட விஷத்தன்மையும் குறைவு என்று 1930களின் தொடக்கத்தில் சோப்ராவும் சகாக்களும் எழுதினார்கள். ஆக, வைத்தியர் சொன்னதில் உண்மை இருந்தது. அந்த உண்மையைச் சரியான பட்டையும் சரியான அளவும்தான் வெளியே கொண்டுவந்தன. 1960களில் மெட்ரோனிடசோல் வந்த பிறகு எமெட்டினும் குர்ச்சியும் இரண்டுமே பின்னுக்குப் போய்விட்டன என்பது வேறு கதை. இன்று கிளினிக்கில் கொடுக்கிற மாத்திரை அதுதான்.

இப்போ, முதலில் கேட்ட கோவைக்கு வருவோம்.

1922இல்தான் கனடாவில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன்பு சர்க்கரை நோய் முற்றியவருக்குப் பட்டினிப் பத்தியத்தைத் தவிர டாக்டர்களிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. இன்சுலின் வந்த பிறகும் ஏழைக்கு அது எட்டாக்கனி. வங்காளத்தில் வீட்டு வேலிதோறும் படர்ந்து கிடக்கும் கோவைக்கொடியின் சாறு சர்க்கரையைக் குறைக்கும் என்று ஊரே நம்பியது. அது மட்டும் உண்மையாக இருந்தால் எவ்வளவு பெரிய காரியம், யோசித்துப் பாருங்க. காசே இல்லாமல் வேலியிலிருந்து மருந்து! சோப்ராவுக்கு ஏழைகளுக்கான மருந்து வேண்டும் என்ற ஆசை இருந்தது என்று முன்பே சொன்னேன். அந்த ஆசை உள்ளவருக்கு இதைவிட இனிப்பான விடை வேறு இருக்க முடியாது.

சோப்ராவும் ஜே.பி. போஸும் சோதித்தார்கள். முடிவை 1925இல் வெளியிட்டார்கள். கோவைச் சாறு கொடுத்தும் நோயாளிகளின் ரத்தத்திலோ சிறுநீரிலோ சர்க்கரை குறையவில்லை. அதை அப்படியே எழுதிவிட்டார்கள்.

மூன்று ஆண்டு கழித்துச் சிறுகுறிஞ்சான். இந்த இலையை மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டால் மணல் மாதிரி இருக்கும், இனிப்பே தெரியாது. அதனால்தான் சர்க்கரைக்கொல்லி என்று பெயர். நாக்கில் இனிப்பைக் கொல்வது ரத்தத்திலும் கொல்லும் என்று மனசு தானாகவே முடிச்சுப் போட்டுக்கொள்ளும். நாக்கு வேறு, ரத்தம் வேறு. 1928இல் சோப்ரா, போஸ், சாட்டர்ஜி மூவரும் நோயாளிகளிடம் பார்த்தபோது சொல்லும்படியான பலன் கிடைக்கவில்லை. 1930இல் மஸ்கரும் கையஸும் விலங்குகளில் சோதித்துவிட்டு, ரத்தச் சர்க்கரை இறங்குகிறது என்று எழுதினார்கள்.

இப்படிச் சோதிப்பதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு, தம்பிகளும் தங்கைகளும் கவனிக்கணும். சர்க்கரை நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்த்து, சோற்றைக் குறைத்து, இனிப்பை நிறுத்தி, நேரத்துக்குச் சாப்பாடு கொடுத்தாலே ரத்தச் சர்க்கரை இறங்கும். அந்த நேரத்தில் ஒரு இலையையும் சேர்த்துக் கொடுத்தால் புகழ் இலைக்குப் போய்விடும். வீட்டிலும் இதேதான் நடக்கிறது. பொடி சாப்பிட ஆரம்பித்த மாமா அன்றிலிருந்து தே தாரிக்கையும் நிறுத்தியிருப்பார். மூன்று மாதம் கழித்து ரிசல்ட் நன்றாக வந்ததும் பொடிக்குத்தான் நன்றி சொல்வார். பத்தியத்தையும் மருந்தையும் பிரித்துப் பார்க்காத வரைக்கும் எது வேலை செய்தது என்று சொல்ல முடியாது.

சோப்ரா இல்லை என்று சொன்னதோடு கதை முடிந்துவிடவில்லை. 1990இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சிறுகுறிஞ்சான் இலையிலிருந்து ஒரு சாரத்தை எடுத்து, இன்சுலின் போட்டுக்கொள்ளும் 27 பேருக்கும் இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ள 22 பேருக்கும் அவர்களுடைய வழக்கமான மருந்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். சர்க்கரை குறைந்தது என்று எழுதினார்கள். சிறிய ஆய்வு. யாருக்கு எது என்று மறைத்து வைத்துச் செய்ததும் அல்ல. 2008இல் பெங்களூரில் கோவையை எடுத்தார்கள். சர்க்கரை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட 60 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் கோவைச் சாரம், இன்னொரு பிரிவுக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, சாப்பிட்டவருக்கும் தெரியாது. 90 நாள் கழித்துப் பார்த்தால், சாரம் சாப்பிட்டவர்களுக்கு வெறும்வயிற்றுச் சர்க்கரை சுமார் 16 விழுக்காடு குறைந்திருந்தது. 1925இல் கொடுத்தது சாறு, 2008இல் கொடுத்தது ஆல்கஹாலில் எடுத்த சாரம். நோயின் கட்டமும் வேறு. அப்படியானால் சோப்ரா தப்பா? நான் அப்படிப் பார்க்கவில்லை. இன்ன சரக்கை இன்னாருக்குக் கொடுத்தேன், பலனில்லை என்று அவர் தெளிவாக எழுதி வைத்ததால்தான், பின்னால் வந்தவர்கள் வேறு சரக்கை வேறு விதமாகக் கொடுத்துப் பார்க்க முடிந்தது. எல்லாம் நல்ல மருந்துதான் என்று மழுப்பியிருந்தால் யாருக்கும் எதுவும் மிஞ்சியிருக்காது.

நம்ம நாட்டு நிலைமையும் தெரிஞ்சுக்கணும். மலேசியாவில் 2019இல் நடந்த தேசிய உடல்நல ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களுக்குத்தான் அதிகம். அந்த 60 பேரும் நோயின் தொடக்கத்தில் இருந்தவர்கள். பத்து வருஷமாக மெட்ஃபார்மினும் இன்சுலினும் எடுத்துக்கொள்ளும் பாட்டி, ஒரு பொடியை நம்பி அவற்றை நிறுத்தினால் போவது கண்ணும் சிறுநீரகமும் காலும். கோவைக்காய்ப் பொரியல் தாராளமாகச் சாப்பிடட்டும். மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

சோப்ராவின் இன்னொரு போராட்டமும் இதோடு சேர்ந்ததுதான். 1920களில் இந்தியச் சந்தையில் போலி மருந்து பெருகிக் கிடந்தது. மலேரியாக் காய்ச்சலில் கிடக்கிறவன் காசைக் கொடுத்துக் குயினைன் வாங்கினால் அதில் குயினைனே இருக்காது. குயினைனும் ஒரு மரப்பட்டைச் சத்துதான், நீலகிரி மலையில் சின்கோனா மரம் வைத்து அரசாங்கமே வளர்த்தது. மரம் இருந்தும் மருந்து போலி! 1930இல் அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்து, தலைவராகச் சோப்ராவை நியமித்தது. 1931இல் அறிக்கை கொடுத்தார். மருந்தைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டும், மருந்து விற்கச் சட்டம் வேண்டும் என்றார். சட்டம் வர 1940 ஆயிற்று. இன்று இந்தியாவில் மருந்துத் தரத்தைக் காக்கும் சட்டத்துக்கு வேர் அந்த அறிக்கை.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2008இல் சிங்கப்பூரில், ஆண்மைக்கு என்று கள்ளத்தனமாக விற்ற மாத்திரைகளையும் மூலிகைச் சரக்கையும் சாப்பிட்டவர்கள் மயங்கி விழுந்தார்கள். 4 பேர் இறந்தார்கள். சோதித்துப் பார்த்தால் உள்ளே சர்க்கரை நோய்க்கான கிளிபென்கிளமைடு என்ற மேற்கத்திய மருந்து இருந்தது. சர்க்கரை நோயே இல்லாதவர்களுக்கு ரத்தச் சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது. மலேசியாவில் பதிவு பெற்ற பாரம்பரிய மருந்துப் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கி டி என்ற எழுத்தில் முடியும் எண் இருக்கும். அடுத்த முறை பாசாரில் பொடி வாங்கும்போது திருப்பிப் பாருங்கள்.

1933இல் சோப்ரா தன் பெரிய புத்தகத்தை வெளியிட்டார். இந்திய நாட்டு மருந்துகளைப் பற்றியது. ஒவ்வொரு செடிக்கும் பழைய நூல்களில் என்ன புகழ், ரசாயனம் என்ன சொல்கிறது, ஆய்வுக்கூடத்தில் என்ன நடந்தது, நோயாளியிடம் என்ன நடந்தது என்று எழுதினார். அதே 1933இல் சர்ப்பகந்தா வேரைப் பற்றிய அவருடைய ஆய்வும் வந்தது. ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வேரிலிருந்து ரெசர்பைன் என்ற ரத்த அழுத்த மருந்து சுவிட்சர்லாந்தில் பிரித்தெடுக்கப்பட்டு உலகமெங்கும் போனது.

1941இல் சர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு கல்கத்தாவிலிருந்து ஓய்வு பெற்றார். வீட்டில் உட்காரவில்லை. ஜம்மு காஷ்மீர் அரசின் மருந்து ஆய்வுக்கூடத்துக்குத் தலைவராகப் போனார். இமயமலைச் செடிகள் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் இடம். சுதந்திரத்துக்கு முன்னும் பின்னுமாக, நாட்டு மருத்துவ முறைகளை என்ன செய்வது என்று ஆராய அமைத்த அரசுக் குழுவுக்கும் அவரே தலைவர். நாட்டு மருத்துவமும் மேற்கத்திய மருத்துவமும் ஒன்றாகக் கலக்க வேண்டும் என்று 1948இல் அந்தக் குழு சொன்னபோது இரண்டு பக்கத்திலும் பலருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காதுதான்.

1956இல், 74 வயதை நெருங்கும்போது, எஸ்.எல். நாயர், ஐ.சி. சோப்ரா இருவரோடு சேர்ந்து இந்திய மருந்துச் செடிகளுக்கு ஓர் அகராதி கொண்டுவந்தார். லத்தீன் பெயருக்குக் கீழே இந்தி, வங்காளி, தெலுங்கு, தமிழ் என்று அந்தந்த ஊர்ப் பெயர்கள் வரிசையாக இருக்கும். குடசப்பாலையையும் வெட்பாலையையும் குழப்பிக்கொள்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. ஜம்மு ஆய்வுக்கூடம் 1957இல் இந்திய அரசின் அறிவியல் ஆய்வு மன்றத்தின் கீழ் வந்தது. இன்றும் ஜம்முவில் செடிகளைச் சோதித்துக்கொண்டிருக்கிறது. சோப்ரா 1973 ஜூன் 13 அன்று தம் 90ஆம் வயதில் காலமானார். பத்து ஆண்டு கழித்து இந்திய அஞ்சல் துறை அவர் படம் போட்ட தபால்தலை ஒன்றை வெளியிட்டது.